தையல் எந்திரத்தில் சர்வோ மோட்டாரும் ஊசி நிலைநிறுத்தியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில், தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது வாளையார். இதற்குக் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் கோயம்புத்தூரும், அதையும் கடந்தால் பின்னலாடை நகரான திருப்பூரும் உள்ளன. மேற்கே கஞ்சிக்கோடு தொழிற்பகுதி அமைந்துள்ளது. 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, இங்கிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடியில் சரக்கு வண்டிகள் வரிசையாகக் காத்து நின்ற நிலை மாறிற்று. வெட்டிய துணியை ஒரு மாநிலத்திலிருந்து அனுப்பி, தைத்த ஆடையாக மற்றொரு மாநிலத்திலிருந்து திரும்பப் பெறுவது எளிதாயிற்று.

இந்த வசதி, எல்லைப்புறச் சிற்றூர்களில் நான்கு முதல் இருபது எந்திரங்கள் வரை வைத்து ஆடை தைக்கும் சிறு கூடங்களுக்கு ஒரு வாய்ப்பாகும். கேரளத்தில் 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தின் தையல் குழுக்கள், 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் பருத்தி முகக்கவசங்களைப் பெருமளவில் தைத்து அளித்து, சிறு குழுக்களின் ஆற்றலை மெய்ப்பித்தன. ஆயினும் ஒரு துண்டுக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் கூடத்தில் செலவைக் குறைக்க வழிகள் சிலவே. கூலியைக் குறைப்பது நியாயமன்று. துணியும் நூலும் பெரும்பாலும் வேலை கொடுப்பவருடையவை. எஞ்சி நிற்பவை மின்கட்டணமும் வீணாகும் நேரமும் ஆகும். இவ்விரண்டையும் நேரடியாகத் தொடும் மாற்றமே, பழைய கிளச் மோட்டாரை அகற்றி சர்வோ மோட்டாரும் ஊசி நிலைநிறுத்தியும் பொருத்துவது.

எந்திரத்துக்கு விசை வந்த வழி

கால்விசையால் இயங்கிய தையல் எந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. 1889இல் சிங்கர் நிறுவனம் மின்விசையால் இயங்கும் எந்திரத்தை வெளியிட்டது. கொங்குப் பகுதிக்கு 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கிடைத்தது; ஆலைகளும் பட்டறைகளும் பெருகின. 1937இல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கப்பட்டது. 1925ஆம் ஆண்டளவில் திருப்பூரில் வேர்கொண்ட பனியன் தொழில், 1970களின் இறுதியில் ஏற்றுமதியிலும் இறங்கியது.

திருப்பூரில் கூலிக்குத் தைக்கும் கூடங்கள் இன்றும் ‘பவர் டேபிள்’ என்றே அழைக்கப்படுகின்றன. நீண்ட மேசையின் கீழ் ஓடும் ஒரே தண்டிலிருந்து பல எந்திரங்கள் விசை பெற்ற பழைய அமைப்பை அப்பெயர் நினைவூட்டுகிறது. பின்னர் ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் வந்தது. அதுவே கிளச் மோட்டார்.

கிளச் மோட்டார் இயங்கும் முறை

கிளச் மோட்டார் என்பது பெரும்பாலும் அரைக் குதிரைத்திறன் கொண்ட தூண்டல் மோட்டார் ஆகும். மின்விசையைத் திறந்தவுடன் அது முழு வேகத்தில் ஓடத் தொடங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் இரு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 சுற்றும், நான்கு துருவ மோட்டார் ஏறத்தாழ 1,440 சுற்றும் சுழலும். தொழிலாளி பெடலை மிதித்தால், சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்தோடு கிளச் தகடு சேர்ந்து எந்திரம் ஓடும். காலை எடுத்தால் தகடு விலகித் தடையில் பட்டு எந்திரம் நிற்கும். ஆனால் மோட்டார் நிற்பதில்லை.

இங்குதான் விரயம் தொடங்குகிறது. துணியை எடுத்தல், விளிம்புகளைச் சேர்த்தல், திருப்புதல், நூலை வெட்டுதல், தைத்ததை அடுக்குதல் ஆகியவற்றிலேயே தைப்பவரின் வேலை நேரத்தில் பெரும்பகுதி செல்கிறது. ஊசி உண்மையில் ஓடும் நேரம் பெரும்பாலான வேலைகளில் கால் பங்கை ஒட்டியே அமையும். மீதி முக்கால் பங்கு நேரமும் மோட்டார் வெறுமனே சுழன்று மின்சாரத்தை உண்கிறது. அதை வெப்பமாகவும் இரைச்சலாகவும் வெளியிடுகிறது. மேலும், சுமையின்றி ஓடும் சிறு தூண்டல் மோட்டாரின் திறன்காரணி மிகவும் தாழ்ந்தது. அத்தகைய மோட்டார்கள் வரிசையாக ஓடும் கூடத்தில் மின்கம்பிகள் தேவைக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைச் சுமக்க நேரிடுகிறது.

வேகக் கட்டுப்பாட்டிலும் குறையுண்டு. மெதுவாகத் தைக்க வேண்டுமானால் கிளச் பாதி சேர்ந்தும் பாதி வழுக்கியும் ஓட வேண்டும். தகட்டில் பதித்த தக்கை தேய்கிறது, சூடாகிறது. பெடலை மயிரிழை அளவில் அழுத்திப் பழகுவதற்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பல நாள் பாடுபட வேண்டியிருக்கிறது.

சர்வோ மோட்டார்

சர்வோ என்பது ஒரு மோட்டாரின் வகை என்பதைவிட, ஒரு கட்டுப்பாட்டு முறை என்பதே பொருந்தும். கேட்ட வேகமும் கிடைத்த வேகமும் ஒவ்வொரு கணமும் ஒப்பிடப்பட்டு, வேறுபாடு உடனே திருத்தப்படுகிறது. பெடல் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதை ஓர் உணரி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கிறது. சுழலியின் நிலையை மோட்டாருக்குள் உள்ள மற்றோர் உணரி தெரிவிக்கிறது. பெட்டியில் உள்ள மின்னணுச் சுற்று, 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பின்னர் வேண்டிய அளவிலும் வேகத்திலும் மோட்டாரின் சுருள்களுக்கு மாற்றி மாற்றி அளிக்கிறது.

இம்மோட்டாரின் சுழலியில் நிலைக்காந்தங்கள் உள்ளன, கரித்துண்டுகள் இல்லை. பெடலை மிதிக்கும்போது மட்டுமே மோட்டார் சுழலும். காலை எடுத்தால் அது நின்றுவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் சில வாட் மின்சாரம் எடுக்கும். நிமிடத்துக்கு 200 தையல் போன்ற மிகக் குறைந்த வேகத்திலும் வழுக்கலின்றித் தைக்கலாம். மீறக்கூடாத வேக வரம்பை முன்கூட்டியே அமைத்து வைக்கவும் இயலும்.

ஊசி நிலைநிறுத்தி

தொழிற்கூடங்களில் ‘நீடில் பொசிஷனர்’ எனப்படும் ஊசி நிலைநிறுத்தி, எந்திரம் நிற்கும்போது ஊசி மேலே நிற்க வேண்டுமா, துணிக்குள் நிற்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் கருவியாகும். அது இல்லாத எந்திரத்தில் ஊசி எங்கு வேண்டுமானாலும் நிற்கும். தைப்பவர் ஒவ்வொரு முறையும் வலக்கையால் கைச்சக்கரத்தைத் திருப்பி ஊசியை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். சட்டைக் காலர், பை, பட்டி போன்ற மூலைகள் மிகுந்த வேலையில் இது நாளொன்றுக்குப் பல நூறு முறை நிகழ்கிறது.

சர்வோ மோட்டாரிலேயே உணரி இருக்கும்போது மற்றோர் உணரி எதற்கு என்ற ஐயம் மாணவர்களுக்கு எழலாம். மோட்டாருக்கும் எந்திரத்துக்கும் இடையே பெல்ட் இருக்கிறது. இருபுறப் புல்லிகளும் ஒரே விட்டமுடையவை அல்ல. ஆகவே மோட்டாரின் ஒரு சுற்றும் ஊசியின் ஒரு சுற்றும் சமமல்ல. பெல்ட் சிறிதளவு வழுக்கவும் செய்யும். எனவே மோட்டாரின் நிலையை அறிந்தால் வேகத்தை அறியலாமேயன்றி ஊசியின் இடத்தை அறிய இயலாது. ஊசியோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சுழலும் கைச்சக்கரத்தில் ஒரு சிறு காந்தத்தையும், அதன் எதிரே ஓர் உணரியையும் வைப்பது இதனால்தான். பெல்ட் இல்லாமல் எந்திரத் தண்டிலேயே மோட்டார் அமைந்த புதிய நேரடி இயக்க எந்திரங்களில் இந்தத் தனி உணரி தேவைப்படாமல் போகலாம்.

நிற்கும் இடத்தையும் தக்கவாறு தேர்ந்தெடுத்தல் வேண்டும். பூட்டுத் தையல் எந்திரத்தில் ஊசி அடிநிலையிலிருந்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயர்ந்த பின்னரே கொக்கி நூல் வளையத்தைப் பற்றுகிறது. ஆகவே ‘ஊசி கீழே’ என்ற நிலை, அடிநிலையைக் கடந்து கொக்கி வளையத்தைப் பற்றிய இடமாக இருக்க வேண்டும். இல்லையேல் மூலையில் துணியைத் திருப்பும்போது ஒரு தையல் விடுபடும். அவ்வாறே ‘ஊசி மேலே’ என்பது, நூலிழுக்கும் நெம்புகோல் உச்சியில் நிற்கும் இடமாகும். அந்நிலையில் தையல் முழுமையடைந்து விடுவதால் துணியை எளிதாக வெளியே இழுக்கலாம். அடுத்த தையலைத் தொடங்கும்போது ஊசியிலிருந்து நூல் கழன்றுவிடாது.

பொருத்தும் முறை

பெரும்பாலான சர்வோ மோட்டார்கள், கிளச் மோட்டார் மேசையில் பொருத்தப்பட்டிருந்த அதே மூன்று துளைகளுக்கு ஏற்பவே செய்யப்படுகின்றன. வேலையைப் பின்வரும் ஒழுங்கில் செய்தல் நன்று.

முதலாவதாக, மின்சுவிட்சை மூடுவதோடு நில்லாமல் பிளக்கையும் கழற்ற வேண்டும். பெல்ட்டையும் பெடல் கம்பியையும் நீக்கிய பின் பழைய மோட்டாரை இறக்க வேண்டும். அது கனத்த இரும்பாலானது. ஒருவர் கீழே தாங்கிப் பிடிக்க, மற்றவர் மரைகளைத் தளர்த்த வேண்டும்.

இரண்டாவதாக, புதிய மோட்டாரைப் பொருத்தும்போது அதன் புல்லியும் கைச்சக்கரத்தின் பள்ளமும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். கோணலாக ஓடும் பெல்ட் ஓரம் தேய்ந்து அறுந்துவிடும். பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு உள்வாங்குவது போதும். மிக இறுக்கினால் தாங்கிகள் கெடும். மிகத் தளர்ந்தால் ஊசி குறித்த இடத்தில் நில்லாது.

மூன்றாவதாக, சுழலும் திசையைச் சரிபார்க்க வேண்டும். பூட்டுத் தையல் எந்திரத்தில் கைச்சக்கரத்தின் மேற்புறம் தைப்பவரை நோக்கி வர வேண்டும். ஓவர்லாக், பேட்லாக் போன்றவற்றில் திசை வேறுபடலாம். ஆதலால் எந்திரத்தின் மீதுள்ள அம்புக்குறியைப் பார்த்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் திசையை அமைக்க வேண்டும். இச்சோதனையை ஊசியைக் கழற்றிவிட்டுக் குறைந்த வேகத்தில் செய்வது பாதுகாப்பானது.

நான்காவதாக, வேக வரம்பை அமைக்க வேண்டும். மோட்டார் தரக்கூடிய வேகம் அனைத்தும் எந்திரம் தாங்கக்கூடியதன்று. எந்திரத்துக்கு விதிக்கப்பட்ட உச்ச வேகத்துக்குக் கீழாகவே வரம்பு இருத்தல் வேண்டும். புதிதாகப் பழகுவோருக்கு நிமிடத்துக்கு 1,000 தையல் அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம்.

இறுதியாக, கைச்சக்கரத்தில் காந்தத்தையும் உணரியையும் பொருத்தி, மேல்நிலையையும் கீழ்நிலையையும் கையால் சுழற்றிச் சரிபார்த்து, பல வேகங்களில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நிலஇணைப்புக் கம்பியை எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உள்ள மின்தேக்கிகள், மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் சில நிமிடங்கள் ஆபத்தான மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். ஆகவே பெட்டியை உடனே திறக்கலாகாது. அடுத்து, சர்வோ மோட்டாருக்கு இரைச்சல் இல்லை. கிளச் மோட்டாரின் ஓசையே ‘மின்சாரம் இருக்கிறது’ என்று தொழிலாளியை எச்சரித்து வந்தது. அந்த ஓசை இல்லாத இடத்தில், பெடல் மீது கால் வைத்தவாறே ஊசியில் நூல் கோப்பவரின் விரலில் ஊசி பாய்ந்துவிட வாய்ப்புண்டு. ஊசி மாற்றும்போதும் நூல் கோக்கும்போதும் சுவிட்சை மூடும் பழக்கத்தை முதல் நாளிலேயே கற்பிக்க வேண்டும்.

மிச்சம் எவ்வளவு?

விளம்பரங்களில் காணும் விழுக்காடுகளை நம்பாமல், ஒவ்வொரு கூடமும் ஒரு சிறு மின்அளவியைக் கொண்டு தானே அளந்து கணக்கிடுவதே முறை. கணக்கிடும் வழியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ஒரு கிளச் மோட்டார் வெறுமனே ஓடும்போது 200 வாட்டும், தைக்கும்போது 300 வாட்டும் எடுப்பதாக அளவி காட்டுகிறது என்று கொள்வோம். எட்டு மணி நேர வேலையில் 2 மணி தையல், 6 மணி காத்திருப்பு எனில், நாளொன்றுக்கு 0.6 யூனிட்டும் 1.2 யூனிட்டுமாக 1.8 யூனிட் செலவாகும். சர்வோ மோட்டார் தைக்கும்போது 200 வாட்டும், நிற்கும்போது 10 வாட்டும் எடுப்பின், செலவு 0.46 யூனிட். மிச்சம் நாளொன்றுக்கு 1.34 யூனிட், 300 வேலை நாட்களுக்கு 402 யூனிட். யூனிட் 8 ரூபாய் எனில் ஆண்டுக்கு 3,216 ரூபாய். கருவியின் விலை 6,500 ரூபாயாக இருந்தால் ஏறத்தாழ ஈராண்டில் முதல் திரும்பிவிடும். நமது மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதன்படி ஓர் எந்திரத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 280 கிலோ வாயு தவிர்க்கப்படும்.

இக்கணக்கில் கவனிக்கத்தக்கது, 1.34 யூனிட் மிச்சத்தில் 1.14 யூனிட் காத்திருக்கும் நேரத்திலிருந்தே கிடைக்கிறது என்பது. தையல் நேரத்தில் கிடைப்பது 0.2 யூனிட் மட்டுமே. எனவே மோட்டார் எவ்வளவு நேரம் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே பயன் அமையும்.

வீட்டில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் மட்டும் எந்திரத்தைத் திறந்து, அதில் ஒரு மணி நேரம் தைப்பவரின் நிலையைப் பார்ப்போம். அவருடைய மிச்சம் 0.48 யூனிட், ஆண்டுக்கு 144 யூனிட், அதாவது 1,152 ரூபாய். அதே கருவியின் விலையை மீட்க அவருக்கு ஐந்தரை ஆண்டுக்கு மேலாகும். மின்சாரத்தை மட்டும் கருதி அவரைக் கடன் வாங்கச் செய்வது முறையாகாது. பழைய மோட்டார் கெட்டு மாற்ற நேரும்போது சர்வோ வாங்குவதே அவருக்கு ஏற்றது. அதுவரை, இடைவேளையில் சுவிட்சை மூடும் பழக்கமே செலவில்லாத சிக்கனமாகும்.

கடனும் உதவியும்

மைய அரசு 1999 ஏப்ரலில் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் நெசவு, ஆடைத் தொழில்களின் எந்திர முதலீட்டுக்குத் துணை நின்றது. அதன் திருத்திய வடிவம் 2022 மார்ச் வரை நடைமுறையில் இருந்தது. எரிசக்தித் திறன் பணியகம் 2025 ஜூலையில் தொடங்கிய திட்டம், குறைந்தது 10 விழுக்காடு எரிசக்தியை மிச்சப்படுத்தும் முதலீடுகளுக்கான கடனில் குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 விழுக்காடு வட்டி மானியம் வழங்க வகை செய்கிறது. நெசவுத் தொழிலும் இதில் இடம்பெறுகிறது. தனித்தனியே அணுகத் தயங்கும் சிறு கூடங்கள், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீடுகளோடு குழுவாக அணுகுமாறு மாவட்டத் தொழில் மையங்களின் அலுவலர்கள் வழிகாட்டலாம்.

பழுதும் பயிற்சியும்

கிளச் மோட்டாருக்குச் சார்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் சுருள் எரிந்தால் அருகிலுள்ள ஊரிலேயே சுருள் கட்டும் பட்டறையில் சரிசெய்துகொள்ளலாம். சர்வோ மோட்டாரின் மின்னணுப் பலகை பழுதானால் மாற்றுப் பலகை வரும்வரை எந்திரம் முடங்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் சிற்றூர்களில் இது புறக்கணிக்கத்தக்க இடர் அன்று. இருபது எந்திரம் உள்ள கூடம் ஒரே வகைப் பெட்டிகளை வாங்கி, ஒன்றைக் கூடுதலாக வைத்திருப்பது விவேகம். மலம்புழையில் உள்ளது போன்ற அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னணுவியல் பயிலும் மாணவர்களுக்கு இப்பலகைகளைப் பழுதுபார்க்கும் பயிற்சி கிடைத்தால், சுருள் கட்டும் பட்டறைகள் இழக்கும் வேலை வேறு வடிவில் உள்ளூரிலேயே தங்கும்.

காந்தத்தைப் பற்றிய செய்தியும் கருதத்தக்கது. திறன்மிக்க மோட்டார்கள் பலவற்றில் நியோடிமியம் கலந்த காந்தம் பயன்படுகிறது. இக்காந்தம் 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவாக்கப்பட்டது. பின்னர் அதன் உற்பத்தி பெரும்பாலும் சீனத்தில் குவிந்தது. 2025 ஏப்ரலில் சீனம் சில அருமண் தனிமங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது பல நாடுகளின் தொழில்கள் தடுமாறின. நியோடிமியம் அடங்கிய மோனசைட் மணலோ சவரா, மணவாளக்குறிச்சிக் கடற்கரைகளிலேயே கிடைக்கிறது. ஆலுவாவில் அருமண் பிரிக்கும் ஆலை 1952 முதல் உள்ளது. மணலிலிருந்து காந்தம் வரையிலான இடைப்படிகளை நாட்டிலேயே நிறைவு செய்வது, சிற்றூர்த் தையல் கூடத்துக்கும் தொடர்புடைய செய்தியாகும்.

பயன் யாருக்கு?

ஊசி நிலைநிறுத்தியால் கைச்சக்கரம் திருப்பும் வேலை குறைகிறது. தைக்கும் நேரம் மிச்சமாகிறது. நாளடைவில் தோள்வலியும் மணிக்கட்டு வலியும் தணிய இடமுண்டு. வெப்பமும் இரைச்சலும் குறைவதால் கூடமே அமைதியாகிறது. இதனால் துண்டுகளின் எண்ணிக்கை உயர்வது இயல்பு. அவ்வுயர்வைக் காட்டித் துண்டுக்கான கூலியைக் குறைத்தாலோ, நாள் இலக்கை மட்டும் ஏற்றினாலோ, முன்னைப் போலவே களைத்த தொழிலாளி முன்னைவிடக் கூடுதலாகத் தைக்கிறார் என்பதே முடிவாகும். மின்கட்டண மிச்சம் முதலிட்டவரைச் சேர்வது முறை. நேர மிச்சம் தைப்பவரோடு பங்கிடப்பட வேண்டும். புதிய கருவி வந்த முதல் சில வாரங்கள் பழைய கூலி வீதத்தையே வைத்திருந்து, பின்னர் இரு தரப்பாரும் கூடி அளந்து முடிவு செய்வது பூசலைத் தவிர்க்கும்.

பழைய மோட்டார் காத்திருக்கும் நேரத்திலும் ஓடியது. புதிய மோட்டார் வேலை உள்ளபோது மட்டும் ஓடுகிறது. இச்சிறு வேறுபாட்டை அளந்து அறிந்து, தக்க இடத்தில் தக்க முறையில் பொருத்தி, அதன் பயனை நேர்மையாகப் பகிர்ந்துகொண்டால், வாளையார் போன்ற எல்லைப்புறச் சிற்றூர்களின் தையல் கூடங்கள் பெரிய ஆலைகளின் நடுவிலும் நிலைத்து நிற்கும்.